பல்வலிக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவு, பல் செட் என்று குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டோம்.

*

கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்ய, காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அட்டை இதுக்குச் செல்லாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் என்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, திருவட்டாறு

ஏமாற்றவில்லை. அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஏன் என்று விளக்கியிருக்கலாம்.

இந்த அட்டை, ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்கானது. எந்தெந்த அறுவைக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பதை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், முன் அனுமதி வாங்கிச் செய்தால்தான் பணம் வரும். பல் அடைப்பது, பல் எடுப்பது, ரூட் கேனால் என்னும் வேர் சிகிச்சை, கேப் என்னும் பல் உறை, கம்பி போடுவது, பல் செட் எல்லாம் வந்து போகும் சிகிச்சை. அதாவது ஓ.பி. இவை அதற்குள் வராது. 5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் ஓர் ஆண்டு உச்சவரம்பு. கையில் இருக்கும் ரொக்கம் அல்ல.

வாயும் தாடையும் சம்பந்தப்பட்டவற்றில் அட்டை கைகொடுக்கும் இடங்கள் வேறு: தாடை எலும்பு முறிவு, தாடைக்குள் வளரும் கட்டி, வாய்ப் புற்றுநோய், பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருப்பதைச் சரிசெய்யும் அறுவை போன்றவை. உங்கள் நோய் பட்டியலில் இருக்கிறதா, மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரி அதைச் செய்கிறது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

இதில் ஒரு கோணல் இருக்கிறது, அதை மறைப்பானேன். பல்லில் சிறு சொத்தையாக இருக்கும்போது அட்டைக்கு வேலையில்லை. அதே சொத்தை முற்றி, சீழ் கழுத்துவரை இறங்கி, வாய் திறக்க முடியாமல் அட்மிட் ஆனால் அட்டையைக் கேட்கிறார்கள். ஆகவே சொத்தைக்கு அட்டையை நம்பிக் காத்திருக்கவே கூடாது. அதற்கு வழி வேறு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

*

அப்படியானால் தனியார் இன்சூரன்ஸ் எதுவும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் பல்லுக்கு எங்கே போவது? அரசு ஆஸ்பத்திரிக்குப் போக என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், பூதப்பாண்டி

அரசுப் பல் பிரிவுக்குப் போக அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். பலரும் இதைத் தெரிந்துகொள்ளாமல், அட்டை வாங்க மாதக்கணக்கில் அலைந்துவிட்டுப் பல்லைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. வட்ட அளவிலான அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும், மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் பல் டாக்டர் இருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் எல்லா நாளும் இருக்கமாட்டார் என்றால் எந்தக் கிழமை வருகிறார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுவான விசாரணைக்கு 104 என்ற எண் உண்டு.

காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு போடும்போது "பல்" என்று சொன்னால் அறை எண் எழுதித் தருவார்கள். கையில் இருக்க வேண்டியவை: ஆதார், பழைய சீட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் அந்த அட்டையையே காட்டுவது நல்லது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் அந்தப் பதிவையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு பட்டினியாக வந்து, ஊசி போட்டதும் மயங்கி விழுபவர்கள் அதிகம். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாளே பல்லை எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரஷர் 180/110ஐத் தாண்டினால் தள்ளிப்போடுவார்கள். மரத்துப்போகும் ஊசியில் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்திருக்கிறது என்பது ஒரு காரணம். சர்க்கரை மிகவும் ஏறியிருந்தாலும் அப்படித்தான், புண் ஆறாது. இருதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பல் எடுப்பதற்காகத் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. பல் எடுத்த இடத்தில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியே நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தி, இருதயக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால் என்ன செய்வது? ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் புதிதாக எடுத்து, அந்த முடிவோடு போக வேண்டும்.

*

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரூட் கேனால் செய்யமாட்டார்கள், பல்லைப் பிடுங்கித்தான் போடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், இரணியல்

பாதி உண்மை. பல் அடைப்பதும், ஈறு சுத்தம் செய்வதும், எடுப்பதும் எல்லா இடத்திலும் நடக்கும் வேலைகள். ரூட் கேனால் டாக்டரையும், எக்ஸ்ரே வசதியையும், பொருட்கள் கையிருப்பையும் பொறுத்தது. கேட்டுப் பார்க்காமலேயே "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் நோயாளிகளும் நிறைய உண்டு, வலி அப்படி.

கடைவாய்ப் பல்லில் ஏன் தயங்குகிறார்கள் என்று தெரிந்தால் கோபம் வராது. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே ஒரு வேர்க்குழாய்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று; மேலே பல நேரங்களில் நான்கு. ஒவ்வொன்றையும் துழாவி, அளந்து, கழுவி, காயவைத்து அடைக்க வேண்டும். இடையில் எக்ஸ்ரே. ஒருவருக்கே ஒரு மணி நேரம் போய்விடும். அதுவும் இரண்டு மூன்று தடவை வர வேண்டும். வெளியே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் முதல் தடவை வந்து, வலி நின்றதும் மறுபடி வருவதில்லை. பாதியில் விட்ட ரூட் கேனால், செய்யாததைவிட மோசம். தற்காலிக அடைப்பு சில வாரத்தில் பெயர்ந்து, உள்ளே எச்சில் புகுந்து, மறுபடி சீழ் கட்டும்.

அடுத்தது கேப். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடைந்தெடுக்கப்பட்டு மெலிந்திருக்கும். மேலே கேப் போடாவிட்டால் வறுத்த கடலையோ எலும்போ கடிக்கும்போது செங்குத்தாகப் பிளந்துவிடும். பிறகு எடுப்பதைத் தவிர வழியில்லை. கேப் செய்யப் பல் லேப் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. எனவே அங்கே ரூட் கேனால் செய்துகொள்கிறவர்கள், கேப்புக்கு மட்டும் கையில் பணம் வைத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? இங்கே முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?" அனுப்பும் சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்குச் சீட்டோடு போனால், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

வேறு இரண்டு இடங்கள் உண்டு. குலசேகரத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் வெளியே ஆவதைவிடச் செலவு குறையும், நேரம் கூடும். மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி பழகிய இடம், அங்கே ஓ.பி. சீட்டுக்கும் சில சிகிச்சைகளுக்கும் சிறு கட்டணம் உண்டு. மாதத்தில் மூன்று தடவை களியக்காவிளை தாண்டிப் போய்வர முடியுமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கீழ்ப் பல் வலியோடு நாக்குக்கு அடியில் கெட்டியாக வீங்கி, காய்ச்சலும் விழுங்கச் சிரமமும் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். இரவென்றாலும் 108ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

*

கொல்லங்கோட்டுப் பக்கம் வசிக்கிறோம். பாறசாலையில் இருக்கும் என் நாத்தனாரின் மாமியாருக்குக் கேரள அரசு இலவசமாகப் பல் செட் கொடுத்திருக்கிறது. என் அம்மாவுக்கு 68 வயது, ஒரு பல்லும் இல்லை. நாங்களும் அதில் விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, விளவங்கோடு வட்டம்

நீங்கள் சொல்வது கேரள சமூகநீதித் துறையின் 'மந்தஹாசம்' திட்டம். 60 வயது தாண்டிய, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல் செட் வைத்துக் கொடுப்பது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். எல்லையிலிருந்து நடந்து போகும் தூரம் என்றாலும் உங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டுக் கார்டு. உறவினர் முகவரியில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நம் பக்கத்தில் முதலில் ஆசாரிப்பள்ளத்திலும் தக்கலையிலும் பல் செட் செய்கிறார்களா, லேபுக்குக் கட்டணம் உண்டா என்று நேரில் கேளுங்கள். இல்லையென்றால் பல் மருத்துவக் கல்லூரி.

எங்கே செய்தாலும் இது ஒரு நாள் வேலையல்ல. கடைசிப் பல்லை எடுத்த பின் எலும்பும் ஈறும் வற்றி நிலைப்பட ஆறு முதல் எட்டு வாரமாவது விட வேண்டும். அவசரப்பட்டால் செட் மூன்றே மாதத்தில் தொளதொளத்துவிடும். பிறகு முதல் அச்சு, நுணுக்க அச்சு, மேல் கீழ் தாடை சேரும் அளவு, மெழுகில் பல் வைத்துப் பார்ப்பது, கடைசியாகப் பொருத்துவது என்று நான்கைந்து தடவை போக வேண்டும். மெழுகில் பார்க்கும் நாளில் வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். பல்லின் நீளமும் நிறமும் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குத்தான் மாற்ற முடியும். பிளாஸ்டிக்காக வார்த்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வந்த புதிதில் உறுத்தும். உறுத்துகிறதென்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அவ்வளவுதான். உறுத்தும் இடத்தை டாக்டர் ராவித் தருவார். எந்த இடம் என்று தெரிய, போவதற்கு முந்தைய நாள் போட்டிருந்து போக வேண்டும். முதல் வாரம் குழைந்த சோறு, வேகவைத்த மரச்சீனி. இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் செட் கோணிக்கொள்ளும்.

*

என் மைத்துனர் விசைப்படகில் வழுக்கி விழுந்து தாடை உடைந்துவிட்டது. விபத்துக்கு 48 மணி நேரம் இலவசம் என்று ஒரு திட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அது கிடையாது என்கிறார்கள்.
– வாசகர், குளச்சல்

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' சாலை விபத்துக்கானது. பைக்கில் விழுந்திருந்தால் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவர் என்றாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அது பொருந்தும். படகில் விழுந்தது அதில் சேராது. ஆனால் தாடை முறிவு காப்பீட்டு அட்டையில் வரும். அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு அறையில் அன்றைக்கே கொடுத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அனுமதி வருவதற்குள் சொந்தப் பணத்தில் தகடும் ஆணியும் வாங்கிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

அட்டை இல்லையென்றால்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் வருவது பெயரில்தான். ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கே காப்பீடு. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடந்தால் இங்கே அவருக்கு இல்லை. ஆதாரில் ஓர் எழுத்தும் ரேஷன் கார்டில் வேறு எழுத்தும் இருந்தாலும் இழுபறிதான். ஆரோக்கியமாக இருக்கும்போதே சரிசெய்து வைக்க வேண்டும்.

தாடைக்குக் கம்பி கட்டி வாயை மூடியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கஞ்சி, சூப், பால்தான். வாந்தி வந்தால் வெட்ட, கம்பி வெட்டும் கத்தரி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று வீடு திரும்புமுன் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

*

முந்திரி ஆபீசில் வேலை செய்கிறேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் பல் பார்க்கலாமா?
– வாசகி, கருங்கல்

பார்க்கலாம். இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களிடம் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். காப்பீட்டு எண்ணோடு உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால், பல் டாக்டர் இருக்கும் இடத்துக்கு எழுதித் தருவார்கள். குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. பல் செட் மட்டும் வேறு கதை. வேலை செய்யும்போது நேர்ந்த காயத்தில் பல் போயிருந்தால்தான் அதை இலவசமாகத் தருவார்கள்.

சீசன் இல்லாமல் வேலை நின்ற மாதங்களில் கட்டிய நாட்கள் குறைந்தால் உரிமையும் விட்டுப்போகும். பல்லில் வேலை இருந்தால் ஆபீஸ் நடக்கும் மாதங்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

*

அங்கன்வாடிக்கு வந்த டாக்டர்கள் என் மகளுக்குச் சொத்தைப் பல் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பால் பல்தானே, விழுந்துவிடும் என்கிறார் என் அத்தை.
– வாசகி, தோவாளை

அத்தை சொல்வதைக் கேட்காதீர்கள். பின்பக்கப் பால் பல் விழ 10, 12 வயதாகும். அதற்கு முன்பே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும்; கம்பி போடும் செலவு அங்கேதான் தொடங்குகிறது.

வந்தவர்கள் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுவினர். அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வருவார்கள், 18 வயதுவரை. அவர்கள் எழுதிய சீட்டைத் தொலைக்காமல் பல் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், இலவசம். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைப்பது பால் பல் அல்ல, வாழ்நாள் முழுவதற்கும் உள்ள பல். பால் பல் என்று நினைத்து எடுக்கச் சொல்லும் பெற்றோர் ஏராளம்.

*

மகன் டொராண்டோவில் இருக்கிறான். அங்கே இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அரசே பல் பார்க்கிறதாம். கோடையில் நான் போகும்போது என் பல்லையும் பார்த்துவிட்டு வரலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

உங்களுக்குக் கிடைக்காது. மகனுக்குக் கிடைக்கலாம்.

கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்துக்கு நான்கு நிபந்தனைகள்: வரிக் கணக்குப்படி கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் முந்தைய ஆண்டின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும், குடும்ப நிகர வருமானம் 90,000 கனடிய டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், வேலை வழியாகவோ வேறு வகையிலோ பல் இன்சூரன்ஸ் பெறும் வாய்ப்பே இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸை "பிரீமியம் அதிகம்" என்று வேண்டாமென்று சொல்லியிருந்தாலும், வாய்ப்பு இருந்ததாகவே கணக்கு. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோர் முதல் நிபந்தனையிலேயே வெளியே.

வருமானம் 70,000க்குக் கீழே என்றால் திட்டம் நிர்ணயித்த கட்டணத்தில் நோயாளி பங்கு ஒன்றுமில்லை. 70,000 முதல் 79,999வரை 40 சதவீதமும், 80,000 முதல் 89,999வரை 60 சதவீதமும் கையிலிருந்து. பல் டாக்டர் திட்டத்தின் கட்டணத்துக்கு மேல் வாங்குகிறவராக இருந்தால் அந்த வித்தியாசமும் நம் தலையில்தான். நாற்காலியில் உட்காருமுன் கேட்டுவிட வேண்டும். கேப்புக்கு முன் அனுமதி தேவை. எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் பல் கிடையாது. காப்பு தொடங்கும் தேதிக்கு முன் செய்ததற்குப் பணம் வராது. ஜூலை முதல் ஜூன்வரை ஓர் ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க மகன் மறக்கக் கூடாது.

நீங்கள் விமானம் ஏறுமுன் இங்கேயே பல்லைக் காட்டிவிடுங்கள். அங்கே போய் வலித்தால் டாலரில் அழ வேண்டும்.

*

வெற்றிலை, பாக்கு, புகையிலை முப்பது வருடப் பழக்கம். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்து, காரம் பட்டால் எரிகிறது. இதற்கும் பல் டாக்டரா?
– வாசகர், அருமனை

ஆமாம், பல் பிரிவுதான், இந்த வாரமே. மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள்; நுழையாவிட்டால் பாக்கினால் உள்தசை நாராக இறுகத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் வலியில்லாத கட்டி, இவற்றில் எது இருந்தாலும் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்; சதை எடுத்தால் பரவும் என்பது வெறும் பேச்சு. புற்று என்று வந்தால் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் காப்பீட்டு அட்டை உதவும். உங்களிடம் அட்டை இல்லையென்றால் பரிசோதனை முடிவு வருவதற்குள் வாங்கிவிடுங்கள்.

*

பல் எடுத்த அன்று கஞ்சி குடிக்கலாமா? உப்புத் தண்ணீர் எப்போது கொப்பளிப்பது?
– வாசகி, வடசேரி

மரத்துப்போனது தெளிந்த பிறகு, ஆறிய கஞ்சி குடிக்கலாம். பஞ்சை 45 நிமிடம் கடித்திருந்து எடுத்துவிட வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். இளநீரும் குழல் போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினாலும் துப்பினாலும் குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிடும். உப்புத் தண்ணீர் மறுநாள்தான்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை டீஸ்பூன். மறுபடி ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்து, அரை மணி நேரம் இடைவிடாமல் கடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் காதுவரை இழுத்தால் குழி காய்ந்துவிட்டது என்று பொருள். புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும். மருந்துக் கடையில் மாத்திரை கேட்காமல், எடுத்த இடத்துக்கே போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ளுங்கள்.